தர்மினா தன் தாள்களைக் காத்த கதை

சொக்கராஜா சந்தைக்குப் பின்னால் தள்ளுவண்டியில் மெண்டோவான் போடுகிற தர்மினாவுக்கு, ஊரில் யார் எந்தப் பரீட்சையில் கோட்டை விட்டார்கள், யாருடைய விவாகரத்து மனு எந்தத் தேதியில் போனது, எந்த அதிகாரிக்கு மூலநோய் என்பதெல்லாம் அத்துப்படி. வம்பு கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. மெண்டோவான் என்றால் புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயின் மெல்லிய துண்டை மாவில் தோய்த்து அரைவேக்காடாய் எடுப்பது. சூட்டோடு, துவளத் துவளக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தாள் வேண்டும். அலுவலகங்களும் ஜெராக்ஸ் கடைகளும் கழித்துப்போட்ட தாளைப் பழைய பேப்பர் கடையிலிருந்து கட்டுக்கட்டாக வாங்கி வருவாள். வியாபாரம் மந்தமான நேரத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். ஒருமுறை வார்டு தலைவருக்கு அவருடைய சொந்த அடையாள அட்டை நகலிலேயே நாலு மெண்டோவான் சுற்றிக் கொடுத்துவிட்டாள். மனுஷன் தின்று முடித்து வாயைத் துடைக்கப் போகும்போதுதான் தன் முகத்தைப் பார்த்தார்.

ஆகவே, நகல் எடுத்த தாள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பது எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்திரண்டு வயது வரை தன்னுடைய தாள் ஒன்றைக்கூட வெளியே விடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு, அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் பாஸ்போர்ட் எடுக்க வேண்டி வந்தது.

அக்கா லஸ்மினி கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து போன் செய்தாள். கல்யாணமாகி அங்கே போய் இருபத்துநாலு வருஷம். அப்பா செத்தபோதுகூட வர முடியவில்லை.

"பொண்ணுக்குக் கல்யாணம் மினா. இன்னும் இருபத்தஞ்சு நாள்தான். மாப்பிள்ளை வீட்ல ரெண்டு பஸ் நெறைய வர்றாங்க. என் பக்கத்துல உக்கார ஒருத்தர் இல்ல."

"அத்தான் வீட்டு ஜனம் இருக்குல்ல?"

"அது அவரு பக்கம். நான் சொல்றது என் பக்கம். ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கேன். நீ வரலேன்னா அதைக் காலியாவே விட்டுருவேன். எல்லாரும் பாக்கட்டும்."

லஸ்மினி சொன்னால் செய்கிறவள். அந்தக் காலி நாற்காலி அன்றிலிருந்து தர்மினாவின் கண்ணிலேயே நின்றது.

பாஸ்போர்ட்டுக்கு நாள் குறிப்பது போனில். ஜெராக்ஸ் கடை குஸ்வாத்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அட்டையக் குடுக்கா, நம்பர் அடிக்கணும்."

"நானே அடிச்சுக்கிறேன். நீ சுவரைப் பாத்துத் திரும்பு."

"உன் நம்பர வெச்சு நான் என்ன ராக்கெட்டா விடப் போறேன்?"

"என் பேர்ல எவனாவது கடன் எடுப்பான். பேப்பர்ல போட்டிருந்துச்சு."

"எந்தப் பேப்பர்ல?"

"முந்தாநாள் பொட்டலம் மடிச்சேனே, அந்தப் பேப்பர்ல."

குஸ்வாத்தி சுவரைப் பார்த்துத் திரும்பினாள். தர்மினா ஒற்றை விரலால் பதினாறு எண்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். சுவரைப் பார்த்தபடியே குஸ்வாத்திக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. எட்டு நாள் தள்ளி ஒரு தேதி கிடைத்தது.

நகல் எடுப்பதும் அதே கதைதான். கடைக்காரி சுவரைப் பார்த்து நிற்க, வாடிக்கைக்காரி இயந்திரத்தை ஓட்டினாள். முதல் இரண்டு தாளில் அவள் கட்டைவிரல் மட்டும் அழகாக விழுந்தது.

"நகல் மேல குறுக்கால 'பாஸ்போர்ட்டுக்கு மட்டும்'னு எழுதித் தேதி போடுக்கா," என்றாள் குஸ்வாத்தி சுவரிடம். "வேற எதுக்கும் எவனும் காட்ட முடியாது."

நல்ல யோசனை. தர்மினா கொட்டை எழுத்தில் எழுதினாள். குஸ்வாத்தியை ஒரே ஒரு தடவை திரும்ப விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. குடும்ப அட்டை என்று தர்மினா நகல் எடுத்தது பழையதை. கெட்டித் தாள், நீல வண்ணம், மேலே கண்ணாடி உறை. அதில் முதல் வரியில் குடும்பத் தலைவர் சுகர்சோ, அவள் கணவன். அவன் போன வருஷம் இறந்ததும் அலுவலகத்தில் வேறொன்று கொடுத்தார்கள். வெள்ளைத் தாள், வண்ணமில்லை, முத்திரையில்லை, மூலையில் கட்டம் கட்டமாய் ஒரு கறுப்புச் சதுரம். பெயர் வரிசையில் ஒரே வரி, அவள் பெயர். அசலைத் தாங்கள் வைத்துக்கொண்டு நகலைத் தள்ளிவிட்டார்கள் என்று அன்றே சொல்லிவிட்டாள். உள்ளதைச் சொன்னால், அந்த ஒற்றை வரியை அசல் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

குறித்த நாள் காலையில் மெண்டோவான் பொரித்து இறக்கியதும் கத்தரிக்கோலை எடுத்தாள். வீணாய்ப்போன நகல்களிலும், 'நகல்' என்று முடிவுகட்டிய அந்த வெள்ளைத் தாளிலும், எங்கெங்கே எண் இருந்ததோ அங்கெல்லாம் வெட்டி எடுத்து அடுப்பில் போட்டாள். மிச்சத் தாளை எறிய மனம் கேட்கவில்லை. ஒரு அலுவலகத்துக்குப் போகும்போது வெறுங்கையை வீசிக்கொண்டு போவதும் அவள் வழக்கமில்லை. ஆறு மெண்டோவானை வெள்ளைத் தாளில் வைத்து, நாலு பச்சை மிளகாய் சேர்த்து மடித்து எடுத்துக்கொண்டாள்.

எல்லா அரசு ஜன்னல்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற அந்தப் பெரிய கட்டடத்தின் வாசலில் காவலாளி ரசித்தோ தடுத்தார்.

"எண்ணெய்ப் பலகாரம் உள்ள கொண்டு போகக் கூடாதுங்க."

"அப்ப நீங்களே சாப்பிடுங்க."

பாஸ்போர்ட் ஜன்னலில் விடுரி என்ற பெண் அதிகாரி. தர்மினா டப்பாவைத் திறந்து அட்டையை நீட்டினாள். விடுரி இழுத்தாள். அட்டை வரவில்லை.

"விட்டாத்தானே அம்மா நான் பாக்க முடியும்?"

"நீங்க பாருங்க. நான் ஒரு ஓரமாப் பிடிச்சுக்கிறேன்."

ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி அடையாள அட்டை முடிந்தது, திருமணப் புத்தகம் முடிந்தது. குடும்ப அட்டையில் விடுரியின் புருவம் ஏறியது.

"இதுல குடும்பத் தலைவர் சுகர்சோன்னு இருக்கே."

"என் வீட்டுக்காரர். போன வருஷம் தவறிட்டாரு."

"கம்ப்யூட்டரும் அதைத்தான் சொல்லுது. இது செல்லாதும்மா. அதுக்கப்புறம் வெள்ளைத் தாள்ல ஒண்ணு குடுத்திருப்பாங்களே?"

"அது நகல்ங்க."

"அதுதான் அசல். இப்ப எல்லாருக்கும் வெள்ளைத் தாள்தான். எங்க அது?"

தர்மினா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "வாசல்ல," என்றாள். "மெண்டோவான் சுத்தியிருக்கு."

விடுரி எழுதுவதை நிறுத்தினாள். "இன்னிக்கு மதியம் பன்னெண்டுக்குள்ள காட்டலேன்னா வேற தேதிதான் போடணும். அடுத்தது மூணு வாரம் கழிச்சு."

கல்யாணத்துக்கு இருப்பதே பதினேழு நாள். தர்மினா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

ரசித்தோ ஐந்தை முடித்து ஆறாவதைக் கையில் வைத்திருந்தார். மேசையில் தாள் விரிந்து கிடந்தது. அதன் மேல் மிளகாய்க் காம்புகள்.

"பிரமாதம்கா. இந்த மாதிரி..."

"தாளைக் குடுங்க."

"கை துடைக்க வெச்சிருந்தேன்."

"உங்க சட்டையில துடைச்சுக்குங்க, ஐயா. அது என் குடும்பம்."

விடுரி அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணெய் ஊறி அந்தப் பக்கம் அப்படியே தெரிந்தது. ஓட்டை ஒன்றின் வழியாகத் தர்மினாவின் கண்ணும் தெரிந்தது.

"என்னம்மா இது, ஜன்னல் ஜன்னலா?"

"நம்பரையெல்லாம் வெட்டி எரிச்சுட்டேங்க. பாதுகாப்புக்கு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். விடுரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இந்தக் கறுப்புச் சதுரத்தை மட்டும் ஏன் விட்டீங்க?"

"அது ஏதோ பூவேலைன்னு நெனச்சேன்."

விடுரி அதன் மேல் போனைப் பிடித்தாள். முதல் தடவை ஒன்றுமில்லை. ஒட்டியிருந்த மாவுத் துணுக்கை நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி பிடித்தாள். திரையில் பச்சை விழுந்தது. "செல்லும்னு வருது. அங்க மூணாவது ஜன்னல்ல இதைக் காட்டுங்க, புதுசா அச்சடிச்சுத் தருவாங்க. வெட்டுன நம்பரெல்லாம் திரும்ப வந்துரும். நீங்க காப்பாத்துனதா நெனச்சது ஒண்ணு, உங்களைக் காப்பாத்துனது இது."

பதினொன்றே முக்காலுக்குப் புதுத் தாள் இயந்திரத்திலிருந்து இளஞ்சூடாக வந்தது. தர்மினா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். குடும்பத் தலைவர்: தர்மினா. இந்தத் தடவை கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் முழுதாகப் படித்தாள்.

கடைசியாக, மறுபடி விடுரியின் ஜன்னலில், விசாரணை. "ஜொகூர்ல யாரைப் பாக்கப் போறீங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்றதில்லீங்க."

"சொல்லலேன்னா திருட்டுத்தனமா வேலைக்குப் போறீங்கன்னுதான் எழுதணும்."

தர்மினா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஜன்னலில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள். அக்காவின் பெயர், அப்பாவின் சாவு, ரெண்டு பஸ், ஒரு நாற்காலி. நாற்காலிக்கு வரும்போது கிசுகிசுப்பு நின்றுபோய் அழுகையாகிவிட்டது. கூடம் முழுக்கக் கேட்டது. விடுரி மனுவில் முத்திரை குத்தினாள். பிறகு, "கண்ணைத் துடைச்சுக்கிட்டு கேமராவைப் பாருங்கம்மா," என்றாள். அந்தப் பாஸ்போர்ட் படத்தில் தர்மினாவின் மூக்கு இன்றைக்கும் சிவப்பாகத்தான் இருக்கிறது.

ஜொகூரில் கல்யாணத்தன்று அவள் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலது கை மட்டும் காலையிலிருந்து நெஞ்சை விட்டு இறங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார், சித்திக்கு எவ்வளவு பாசம் பார் என்று பேசிக்கொண்டார்கள். ரவிக்கைக்குள் பாஸ்போர்ட் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பெரியவர்கள் ஒவ்வொருவராக மணமக்கள்மேல் மஞ்சள் அரிசி தூவினார்கள். அவள் முறை வந்தது.

"ரெண்டு கையாலயும் தூவுடி. ஒத்தக் கையால ஆசீர்வாதமா?" என்று லஸ்மினி காதுக்குள் சீறினாள்.

தர்மினா ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு ரவிக்கைக்குள் கையை விட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து, அக்காவின் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

லஸ்மினி கையிலிருப்பதைப் பார்த்தாள். "இது எங்கிட்ட இருந்தா நீ ஊருக்குத் திரும்ப முடியாதுடி."

"தெரியும்," என்றாள் தர்மினா. இரண்டு கை நிறைய மஞ்சள் அரிசியை அள்ளினாள்.