தொண்ணூற்றேழு சதவீதத்தில் கிளம்பிய வண்டி

நான்கு பேர் உட்காரும் வண்டியில் பதினேழு பேரை ஏற்றிக்கொண்டு, பாலகாட் சுரங்கத்திலிருந்து மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை போனவன் நான். கூரைமேல் ஒருவரும் இல்லை. டிக்கியில் ஒருவரும் இல்லை. எல்லோரும் உள்ளேதான், சௌகரியமாக. அந்தப் பதினேழில் மூச்சு விட்டது நான் ஒருவன் மட்டும்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்த மரியகுழந்தை வாயைத் திறந்தால் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்துக்குள் சுடுபாறைமேல் ஆம்லெட் போட்டேன் என்று நான் சொல்லித் திரிந்தது பொய். சிறுத்தையைச் சுரங்க லிஃப்டான கேஜில் ஏற்றி மேலே அனுப்பினேன் என்றதும் பொய். அது பூனை. பெரிய பூனை. ஆனால் போன டிசம்பரில் நடந்த இந்த ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. லூயிசாவின் கல்லறைமேல் சத்தியம். லூயிசா என் மனைவி. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

நான் மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் பேங்க்ஸ்மேனாக வேலை செய்தவன். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் நின்று, கேஜுக்குள் போகிறவர்களை ஒவ்வொருவராகத் தோளைத் தட்டி எண்ணி ஏற்றி, மணி அடிக்கிற வேலை. எங்கள் கேஜுக்குப் பதினாறு ஆள். கேஜை இழுப்பவன் என்ஜின் ஹவுசில் தனியாக உட்கார்ந்திருப்பான். அவனுக்கு ஆளும் தெரியாது, ஷாஃப்டும் தெரியாது. மணிதான் அவனுக்குக் கண். கீழேயிருந்து மூன்று அடித்தால், ஆள் ஏறியாயிற்று என்று அர்த்தம். நான் திருப்பி மூன்று அடிக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அவன் லீவரில் கை வைப்பான். இருபது வருஷம் என் மணிக்குக் கேஜ் இழுத்தவன் சுந்தரராஜ். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். நான் சொல்லும் எதையும் நம்பவும் தெரியாதவன்.

இப்போது வண்டிக்கு வருகிறேன்.

அது என் மகள் பியூலா பெங்களூரில் ஓட்டித் தேய்த்த எலெக்ட்ரிக் வண்டி. பதினோரு வயது. அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டர் என்னைவிடக் கிழம். பட்டனை அழுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பதில் சொல்லும். கைக்குட்டை அளவு திரை. அவள் புது வண்டி வாங்கியதும் இதை என் வாசலில் விட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னொன்று மங்கல். இருட்டினால் ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். பியூலா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, பெங்களூர் வந்துடு. ஞாயித்துக்கிழமைக்கு வேன் சொல்லிட்டேன். சாமானெல்லாம் ஏத்திடலாம்."

எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசையில், இருபத்திரண்டு வீடு. விளக்கு எரிவது மூன்றில். அதில் ஒன்று என்னுடையது. அதையும் அணைத்துவிட்டு, பதினாலாவது மாடியில் போய் உட்கார்ந்து லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? முடியாது என்றேன். வண்டி தானாக ஓட ஒரு கிட் வந்திருக்கிறது, ராபர்ட்சன்பேட்டையில் மெக்கானிக் விநாயக் பொருத்துகிறான் என்றேன்.

"சரி, ஒரு டெஸ்ட்" என்றாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு அம்பது ரயில்ல மாரிகுப்பத்துல இறங்கறேன். ஸ்டீயரிங்க தொடாம வந்து கூட்டிட்டுப் போ. வேன கேன்சல் பண்ணிடறேன். சுந்தரராஜ் அங்கிள் ஸ்டேஷன்ல நின்னு பாக்கட்டும். அவர் சொன்னாத்தான் நம்புவேன். நீ சொன்னா மாட்டேன்."

பெற்ற மகள்!

வெள்ளி காலை விநாயக் வந்தான். கண்ணாடியில் கேமரா ஒட்டினான், ஸ்டீயரிங்குக்கு அடியில் மோட்டார் மாட்டினான், பழைய கம்ப்யூட்டருக்குள் புதுப் புரோகிராமை ஏற்ற ஆரம்பித்தான்.

"ஸ்வல்பம் டைம் ஆகும் சார். இதுக்கு ரொம்ப வயசாயிடுச்சி. நூறு வந்தப்புறம்தான் தானா ஓடும். அதுவரைக்கும் தொடாதீங்க."

மாலை ஐந்து மணிக்குத் திரையில் 97.

ஆறு மணிக்கும் 97.

7.04-க்கு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். அப்போதும் 97. தெருவில் பனி இறங்கியிருந்தது. ஆள் இல்லை. நாய்கூட இல்லை. ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிஷம். "ஏறுடா கிழவா, மூணுதான் பாக்கி" என்று திரையிடம் கெஞ்சினேன். லூயிசா போன பிறகு வண்டியோடும் பேசுகிற ஆள் ஆகிவிட்டேன்.

7.12.

டிங்... டிங்... டிங்.

சீட் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் சத்தம்தான். ஆனால் அது நிறுத்தாமல் அடிக்கும். இது மூன்று அடித்தது. நின்றது. காத்திருந்தது.

மறுபடியும் மூன்று.

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். வேறு தொழில் செய்தவன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். மூன்று மணி கேட்டால் என் கை சும்மா இருக்காது. யோசிக்கும் முன்பே ஹாரனில் போய்விட்டது. மூன்று தரம் அழுத்தினேன்.

வண்டி கிளம்பியது.

நான் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டீயரிங் தானாகச் சுற்றியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பியூலா, தோத்துட்டடி!" என்று கத்தினேன். கைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்தேன்.

7.19-க்கு மெயின் ரோடு வந்தது. மாரிகுப்பத்துக்கு இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

வண்டி அந்தப் பக்கம் திரும்பியது.

பாலகாட் பக்கம்.

பிரேக்கை மிதித்தேன். மிதி உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை. கதவு திறக்கவில்லை. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேடு மட்டும் வெள்ளையாகக் கூடவே வந்தது. சைக்கிளில் போவது மாதிரி ஒரே சீரான வேகம். மேட்டிலும் அதே, பள்ளத்திலும் அதே. எங்கோ உட்கார்ந்து ஒருவன் கயிறு போட்டு இழுப்பது மாதிரி.

7.31. நின்றது.

ஹெட்லைட்டில் துருப்பிடித்த கேட். அதற்குப் பின்னால் சிமென்ட் போட்டு மூடிய வாய். நானும் சுந்தரராஜும் வேலை செய்த ஷாஃப்ட். இருபத்துநான்கு வருஷமாக நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

க்ரீச்.

வண்டியின் பின்பக்கம் லேசாக இறங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்தால் இறங்குமே, அப்படி.

திரையைப் பார்த்தேன். 97 போய்விட்டிருந்தது. அந்த இடத்தில்...

2.

க்ரீச். 3.

கதவு திறக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

க்ரீச். 4. க்ரீச். 5.

உள்ளே சூடு ஏறியது. டிசம்பர் பனியில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஈரப்பாறை வாசனை. பீடி வாசனை. ஆழத்துச் சுரங்கத் தளங்களின் வாசனை... அதை நான் மறப்பேனா?

9. 10. 11.

திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடியிலும் பார்க்கவில்லை.

என்னையறியாமல் என் வலது கை மட்டும் முழங்காலைத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தது.

15.

16.

17.

அதோடு நின்றது. நான் ஒன்று. மீதி பதினாறு.

ஒரு கேஜ்.

7.38.

டிங்... டிங்... டிங்.

நான் பதில் அடிக்கவில்லை.

டிங்... டிங்... டிங்.

யாரும் அதட்டவில்லை. யாரும் தோளைத் தொடவில்லை. காத்திருந்தார்கள், அவ்வளவுதான். வேலை முடிந்த களைப்பில் கேஜுக்குள் நெருக்கி நின்று, பேங்க்ஸ்மேன் எப்போது மணி அடிப்பான் என்று காத்திருப்பார்களே... அப்படி. அதை எப்படிச் சொல்வது? பயம்தான். ஆனால் ஏறி நிற்கும் ஆட்களை நான் என் வாழ்நாளில் காக்க வைத்ததில்லை.

7.44. ஹாரனை மூன்று தரம் அழுத்தினேன்.

வண்டி திரும்பியது. மாரிகுப்பம் பக்கம்.

இந்தத் தடவை ஊர்ந்து போனது. டயரில் மட்கார்டு உரசி 'சர்... சர்...' என்றது. கிளம்பும்போது எழுபது கிலோமீட்டருக்கு இருந்த சார்ஜ் முப்பது ஆனது. பதினைந்து ஆனது. நான் ஜெபமாலையை உருட்டினேன்.

8.26. ஸ்டேஷன்.

விளக்குக் கம்பத்தின் கீழே பியூலாவும் சுந்தரராஜும் நின்றிருந்தார்கள்.

க்ரீச். 16. க்ரீச். 15.

வண்டி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. சூடு இறங்கியது. 4... 3... 2...

1.

உங்களிடம் ஒன்று சொல்லட்டுமா? அந்த ராத்திரி முழுவதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அந்த ஒரு இடத்தில்தான். அந்த 1-ஐப் பார்த்தபோது.

பிறகு 97 திரும்பி வந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டது.

"முப்பத்தாறு நிமிஷம் லேட்" என்றாள் பியூலா. "ஒம்பது தடவ போன் பண்ணேன். எங்கப்பா போன?"

நடந்ததைச் சொன்னேன். பழக்கதோஷம், பதினாறு பேரை அறுபது பேர் ஆக்கிச் சொல்லிவிட்டேன். அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுந்தரராஜ் வழக்கமாக முதல் வரியிலேயே "இன்னாடா கொயந்தை, உடான்ஸ் உடறியா" என்பவன். அன்று வண்டியின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விநாயக் வந்து வண்டியில் ஏதேதோ ஒயரை மாட்டிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"சார், இது தொண்ணூத்தேழுலயே நின்னுடுச்சி. மெமரி பத்தல. ஜென்மத்துக்கும் நூறு வராது."

"அப்போ நேத்து யாருடா ஓட்டினது?"

"நீங்கதான் சார் ஓட்டியிருக்கணும். கிட்டு இன்னும் வேலையே ஆரம்பிக்கல."

"திரையில ஆளுங்க எண்ணிக்கை காட்டிச்சே?"

"இந்த மாடல்ல அந்த மாதிரி ஒண்ணு இல்லவே இல்ல சார். பின்சீட்டுக்கு சென்சாரே கெடையாது."

பியூலாவின் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை. கோபமென்றால் பரவாயில்லை, சமாளிப்பேன். இது பரிதாபம். கண்ணும் தெரியாமல், நினைவும் தடுமாறி, இருட்டில் ஊர் முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறார் அப்பா... அப்படி ஒரு முகம்.

"வேன்காரன நாளைக்கு வேணாம், இன்னிக்கே வரச் சொல்றேன்பா" என்று போனை எடுத்தாள்.

சுந்தரராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கூப்பிடாமலே வந்திருந்தான். சவரம் செய்யவில்லை. தூங்கின முகமாகவும் இல்லை.

"டேய் கொயந்தை. அறுபதுன்னு சொல்லாத. ஒயுங்கா சொல்லு. எத்தினி பேரு?"

"பதினாறு."

"எத்தினி மணி?"

"மூணு."

"நீ திருப்பி அடிச்சியா?"

"அடிச்சேன்."

அவன் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். லீவர் பிடித்துக் காய்த்த கை.

"பியூலா, அந்த போன வையிம்மா."

"அங்கிள், நீங்களுமா..."

"கேளும்மா. சுரங்கத்த மூடின அன்னிக்கி, கடைசி ஷிஃப்டு மேல வந்துடுச்சி. உங்கப்பன் ஒவ்வொருத்தன் தோளையும் தட்டி எண்ணிட்டான். கணக்கு சரி. எல்லாரும் வூட்டுக்குப் போயிட்டாங்க. காலி கேஜ கீய எறக்கி உட்டுட்டு, என்ஜின நிறுத்தணும். நான் ஒர்த்தன்தான் இருக்கறேன். அப்போ கீயிருந்து மணி அடிச்சிது."

விநாயக் ஒயரைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டான்.

"மூணு. மறுபடியும் மூணு. கீய உசிரோட ஒர்த்தனும் இல்லன்னு எனக்குத் தெரியும். பேங்க்ஸ்மேனும் இல்ல, பதில் அடிக்க. நான் இயுக்கல. சுவிட்ச்ச அணைச்சிட்டு ஓடியாந்துட்டேன். பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல. பேயி கீயின்னு இவன் கத வுடும்போதெல்லாம் நான் ஏன் கத்தறேன்னு நெனைக்கற?"

பியூலா மெதுவாகப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நேத்து ஸ்டேஷன்ல அந்த வண்டி தரையோட தரையா வந்ததையும் பாத்தேன். ஒவ்வொரு தரமா தூக்கினதையும் பாத்தேன். எண்ணினேன், பதினாறு. வேன வேணாம்னு சொல்லிடும்மா. மணி அடிச்சா பதில் அடிக்க இந்த ஊர்ல ஒர்த்தன் இருக்கட்டும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதை இறக்காமலே சொன்னான்.

"நடந்ததும்மா. உங்கப்பன் சொன்னது நடந்தது."