தோல் கட்டிய சைலன்சர்

எங்கள் தெருவில் சத்தம் போடும் சைலன்சர்களுக்கு எதிராக மனு எழுதியவன் நான்தான். இரண்டு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. தெரு நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எழுதியதாகச் சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டு பாய் தினமும் காலை ஆறு மணிக்குத் தன் புல்லட்டை உதைக்கும்போது என் தூக்கம் கலைகிறது என்பதுதான் நிஜமான காரணம். மனு கொடுத்த நாலாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, பாய் ஆசை ஆசையாக வாங்கி மாட்டியிருந்த சைலன்சரைக் கழற்ற வைத்துவிட்டுப் போனார்.

பாய் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் தோல்களைத் தரம் பிரித்து ஓய்வு பெற்றவர். ஒரு தோலைத் தடவிப் பார்த்து, அந்த மாடு உயிரோடு இருந்தபோது எந்த முள்வேலியில் உரசியது என்று சொல்லக்கூடியவர். சைலன்சர் போன பிறகும் என்னைப் பார்த்தால் சலாம் வைப்பதை அவர் நிறுத்தவில்லை. அதுதான் பேஜாராக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எட்டு மாதம் கழித்து, ஏலகிரி மலையில் என் கார் என் மானத்தை வாங்கியது. பத்து வயதான டீசல் கார். உள்ளே மனைவி, மைத்துனர், மைத்துனரின் மனைவி, ஒரு கூடை நிறைய தின்பண்டம். ஏழாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு மினி பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. அதன் கூரையில் பலாப்பழ மூட்டைகள் வேறு. "மாமா, எறங்கித் தள்ளட்டா?" என்றார் மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அவளாவது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்திருக்கலாம்.

நாற்பத்தொன்பது வயதில் அவமானப்பட்ட ஆண்மகன் உடற்பயிற்சியில் இறங்கலாம், அல்லது காருக்குச் செலவு செய்யலாம். உடற்பயிற்சிக்கு எனக்கு மூச்சு வாங்கும்.

பைபாஸ் ஓரத்து மெக்கானிக், காருக்கும் அதே வியாதிதான் என்றார். இன்ஜினில் குறை இல்லையாம். மூச்சை வெளியே விடத்தான் வழி இல்லை. கம்பெனி போட்ட புகைக்குழாய் ஒல்லி, வளைவும் ஜாஸ்தி. அகலமான குழாயாகப் போட்டு, புகை நேராக ஓடுகிற சைலன்சராக மாற்றிவிட்டால் வண்டி பறக்கும். ஆனால் புகையைச் சுத்தம் செய்கிற பாகத்தில் கை வைக்க மாட்டேன், அது தப்பு என்றும் சொன்னார். எனக்குத் தெரிந்த படித்தவர்கள் பலரைவிட அவருக்குச் சட்டத்தின் மேல் மரியாதை அதிகம்.

நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சத்தம் ஒரு துளிகூட ஏறக்கூடாது. ஏன் என்று கேட்டார். மனுக்கதையைச் சொன்னேன். சிரிப்பதற்காக ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"டர்போவே பாதி சத்தத்த முழுங்கிடும் சார். மீதிய இந்த டப்பாவுல கண்ணாடிப் பஞ்சு அடைச்சு அமுக்கிடலாம். ஆனா மெதுவா போறப்ப கும்முனு ஒரு சத்தம் வரும். அதுக்கு இன்னொரு சின்ன டப்பா வைக்கணும். மெட்ராஸ்லேந்து வரணும், பத்து நாளாவும்."

சின்ன டப்பா இல்லாமலே இரண்டு நாளில் வண்டியைக் கொடுத்துவிட்டார். பைபாஸில் ஏறி மிதித்தேன். கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது. தெருவுக்குள் திரும்பியதும் அவர் சொன்ன அந்தக் 'கும்' வந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில் யாரோ படுத்துக்கொண்டு முனகுவது போல. ஆனால் பாயின் வாசலுக்கு நேரே போகும்போதுதான் கச்சிதமாக முனகியது. மனு எழுதியவனே சைலன்சரை மாற்றியிருக்கிறான் என்பது தெரிந்தால், அந்தத் தெருவில் நான் குடியிருக்க முடியாது. அந்த ஞாயிறே மைத்துனரை மறுபடி ஏலகிரிக்கு அழைத்திருந்தேன். பத்து நாள் காத்திருக்க என் மானத்துக்குப் பொறுமை இல்லை.

நான் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கிறவன். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் தொழிலாளர்களுக்கான கையுறை தைக்கிறார்கள். தோலை இரண்டாகக் கிழித்து, மேல்பக்கம் ஷூவுக்குப் போன பிறகு மிஞ்சும் முரட்டு அடிப்பக்கத் தோலில்தான் தைப்பார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் விஞ்ஞானி விழித்துக்கொண்டான். நெருப்பையே தாங்குகிற தோல் ஒரு குழாயைத் தாங்காதா? கழிவுத் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஒரு மரியாதைக்கு மெக்கானிக்கிடமும் போனில் சொன்னேன்.

"வாணாம் சார். தீப்பொறி வுழுந்துட்டு போய்டும். பைப்பு எங்க போவும்? அங்கியேதான் இருக்கும்."

புத்தகம் படிக்காத மனிதர், என்ன செய்ய என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, குழாயைச் சுற்றி இரண்டு அடுக்குத் தோல் போட்டுக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். பிறகு தெருவை ஒரு சுற்று வந்தேன். முனகல் இல்லை. நடுத்தெருவில் படுத்திருந்த நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. அதை ஐந்தாறு முறை பெருமையாக நினைத்துப் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் மலையில் இரண்டு மினி பஸ்களைத் தாண்டினேன். மைத்துனர் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாவது வளைவில் அவர் மனைவிதான், யாரோ முடியைக் கொளுத்துகிறார்களா என்று கேட்டார். மலையில் சருகு எரிப்பார்கள் என்றேன். திரும்பும்போது வாணியம்பாடி தாண்டியும் நாற்றம் கூடவே வந்தது. தோல் ஷாப் என்றேன். எங்கள் பக்கத்தில் எந்த நாற்றத்துக்கும் அந்த ஒரு பதில் போதும்.

மைத்துனர் குடும்பத்தை அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மாலை ஐந்து மணி. வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் வந்து நின்றது. அடியிலிருந்து மெல்லிசாகப் புகை. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. வேறு ஊராக இருந்தால் ஏதோ கருகுகிறது என்பதோடு விட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் தோலில் வேலை பார்த்தவர். என்ன கருகுகிறது என்பதில் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. வெள்ளாடு என்றார் ஒருவர். செம்மறி என்று அவரை மறுத்தார் இன்னொருவர். பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணை மூடி ஒரு தரம் இழுத்தார்.

"மாடு. குரோம் போட்டுப் பதம் பண்ணது. அடிப்பக்கத் தோலு. கிளவுஸ் சரக்கு."

அதோடு வாக்குவாதம் முடிந்தது. பாய் குனிந்து, படுத்து, காருக்கு அடியில் போனார். அகலமான புதுக் குழாயும் என் கட்டுக்கம்பியும் அவர் மூக்குக்கு நேர் மேலே. வெளியே தெரிந்த அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய ராஜினாமாக் கடிதத்துக்கு முதல் வரிகூட மனதில் அமைந்துவிட்டது.

வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்ல. ரோட்டுல கெடந்த தோலு சுத்திக்கிச்சு" என்று தெருவுக்குச் சொன்னார். எல்லோரும் கலைந்தார்கள்.

பிறகு என்னிடம், "முடிச்சு நல்லா போட்டிருக்கீங்க சார்" என்றார். கொஞ்சம் விட்டு, "நம்ம சைலன்சரு சும்மாதான் கெடக்குது. நாளைக்கு மாட்டலாம்னு இருக்கேன். உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லியே?"

"எனக்கு இன்னா தொந்தரவு பாய்" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புல்லட் உறுமியது. என் ஜன்னல் கம்பி நடுங்கியது. பத்தாம் நாள் மெக்கானிக் சின்ன டப்பாவைப் பொருத்தினார். என் கார் உண்மையிலேயே ஊமையாகிவிட்டது. அதைக் கேட்டு ரசிக்கத்தான் புல்லட் விடவில்லை.

அடுத்த வாரம் கோடி வீட்டு டீச்சர் ஒரு மனுவோடு வந்தார். இருசக்கர வாகனங்களில் சைலன்சர் மாற்றுவதைத் தடுக்க வேண்டுமாம். செயலாளர்தான் முதல் கையெழுத்துப் போட வேண்டுமாம். அண்டை அயலார் நல்லுறவு, சகிப்புத்தன்மை என்று நான் ஒரு பிரசங்கத்தைத் தொடங்கினேன். அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி பேனாவை வாங்கி 'இருசக்கர' என்ற சொல்லை அடித்தாள். 'வாகனங்கள்' மட்டும் மிஞ்சியது. கீழே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அன்னிக்கு மலைக்குப் போட்ட உங்க சட்டைய மூணு தபா தொவச்சேன். இன்னும் மாட்டு வாடைதான் வருது" என்று பேனாவை என்னிடம் நீட்டினாள்.

இரண்டாவதாகப் போட்டேன். டீச்சர் நேரே எதிர்வீட்டுக்குப் போனார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தோலைப் பார்ப்பது போலக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"எல்லா வண்டியுமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றார் டீச்சர். பாய் என் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, மூன்றாவதாகப் போட்டார்.