பக்கத்து மண்டபத்திலும் அதே டிரிகர்

டிஜிட்டல் கேமரா வந்த புதிது. ஸ்டாண்டில் தள்ளி நிற்கும் ஃப்ளாஷை எரியவைக்க, ஒரே அலைவரிசையில் மட்டும் வேலை செய்யும் ஒயர்லெஸ் டிரிகரை வாங்கியிருந்தேன். கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தேன். பக்கத்து மண்டபத்தில் படமெடுத்தவர்களிடமும் அதே டிரிகர். அவர்கள் படமெடுத்தால் என் ஃப்ளாஷும் எரிந்தது. காலையிலேயே கவனித்தும், டிரிகருக்குப் பதில் வயர் மாட்டச் சோம்பல்பட்டேன்.

தாலி கட்டும் நொடியில் அவர்கள் முந்திப் படமெடுக்க, என் ஃப்ளாஷ் அவர்களுக்கு எரிந்துவிட்டது; மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் நான் எடுத்தபோது எரியவில்லை. படம் இருட்டு.

"இன்னாய்யா, லைட்டே வரல?" என்று பெண்ணின் அப்பா கத்தினார்.

"மண்டபத்து கரண்ட்டு சரியில்ல சார்" என்றேன்.

மண்டபத்து எலக்ட்ரீஷியன் மாரி ஓடிவந்தார். "ஃபேனு ஓடிக்கினுதானே கீது? நீயே சொல்லு அண்ணாத்த!"

நான் குனிந்து ஃப்ளாஷ் ஸ்டாண்டைத் தடவினேன். மண்டப மேனேஜர் மாரியை அப்போதே வேலையைவிட்டு அனுப்பினார்.

பிறகு பல ஊர்களில் பிழைத்தேன், பட்டினியும் கிடந்தேன். அதெல்லாம் பழகிவிட்டது. மாரி என்னிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். அதை நான் சொல்லவில்லை.