மஞ்சுளா ஜெர்மனி போன செமஸ்டர்

1. திரும்பி வந்த விண்ணப்பம்

விசா நேர்காணலுக்குத் தேதி கிடைத்த வாரத்தில்தான் இணையத்தில் படிக்கும் பேப்பர்களை ஏற்கக் கேட்ட மஞ்சுளாவின் விண்ணப்பத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் திருப்பி அனுப்பினார். நான் மாடிக்குப் போய் அவரிடம் பேசிவிட்டு இறங்கியபோது அவள் படிக்கட்டின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நான் ஒருத்திதான். மெக்கானிக்கல் துறையில் வகுப்பும் எடுக்க வேண்டும், மீதி நேரத்தில் இதையும் பார்க்க வேண்டும்.

மஞ்சுளா மூன்றாம் வருடம் மெகட்ரானிக்ஸ். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் ஆபரேட்டர். ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்துப் பல்கலைக்கழகம் ஒரு செமஸ்டர் வந்து படிக்கச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருந்தது. அங்கே படிக்கும் பாடங்களோடு இரண்டு இணையப் பேப்பர்களையும் கணக்கில் சேர்ப்பதாகத் திட்டம். அந்த இரண்டையும் கல்லூரி ஏற்காவிட்டால் அவை முடிக்காத பேப்பர்களாக, அரியராக நிற்கும். எங்கள் பக்கத்தில் கேம்பஸுக்கு ஆளெடுக்க வரும் கம்பெனிகள் அரியர் இருப்பவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

2. சட்டம் போட்ட போட்டோ

அந்தப் பல்கலைக்கழகத்தோடு எம்.ஓ.யு எனும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான போட்டோ முதல்வர் அறையில் பல வருடங்களாக மாட்டியிருந்தது. அதற்குப் பிறகு யாரும் போகவுமில்லை, வரவுமில்லை. எங்கள் மார்க் ஷீட்டைப் பார்த்து மாணவனுக்கு என்ன தெரியும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அவர்களுடைய பாடம் எங்கள் சிலபஸில் எதற்குச் சமம் என்று எங்களாலும் சொல்ல முடியவில்லை. நான் எழுதிய மெயில்களுக்கு மரியாதையான பதில்கள் வரும். அவ்வளவுதான்.

பிறகு அங்கே ஹெல்கா என்று ஒரு பேராசிரியர் பொறுப்புக்கு வந்தார். தொழிற்சாலை ஆட்டோமேஷன் பற்றி அவர் நடத்தும் பாடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம், முதலில் உங்கள் மாணவர்களை அதில் படிக்கச் சொல்லுங்கள், முடித்தவர்களில் ஒருவரை நான் கூப்பிடுகிறேன் என்று எழுதினார். எனக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னேன்.

செமினார் ஹால் நிறையும் அளவுக்குச் சேர்ந்தார்கள். வாரம் போகப் போகக் குறைந்தார்கள். இலவசப் பாடத்தைப் பாதியில் விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? கடைசியில் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். மஞ்சுளா அவர்களில் ஒருத்தி. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலில் வீட்டில் சத்தம் கூடாது. அதனால் காலேஜ் பஸ்ஸிலேயே இயர்போன் மாட்டிக்கொண்டு பாடம் கேட்பாள். ஹெல்காவின் உச்சரிப்பு பிடிபடவில்லை என்று கீழே ஓடும் எழுத்தையும் படித்துக்கொள்வாள். அந்தப் பாடத்தின் உரையாடல் பக்கத்தில் வேறு நாட்டு மாணவர்கள் கேட்ட சந்தேகங்களுக்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. ஹெல்கா எழுதித்தான் தெரிந்தது. இந்தப் பெண்ணை அனுப்புங்கள் என்று அந்த மெயிலை முடித்திருந்தார்.

3. கன்ட்ரோலர் சார் கேட்ட கேள்வி

அந்த இரண்டு இணையப் பேப்பர்களில் ஒன்று, அவள் ஏற்கெனவே முடித்திருந்த ஹெல்காவின் பாடம். இன்னொன்று, எங்கள் சிலபஸில் கட்டாயமாக இருந்து அங்கே இல்லாத ஒரு பேப்பர். நம் நாட்டு இலவச இணையத் தளத்தில் அது இருந்தது. ஜெர்மனியில் இருந்தபடியே அதைப் படிக்கலாம், பரீட்சையை மட்டும் திரும்பி வந்து இங்கே மையத்தில் எழுதலாம். அது இருந்ததால்தான் அவள் போவதைப் பற்றியே யோசிக்க முடிந்தது.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய கன்ட்ரோலர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"ஆன்லைன்ல எழுதுனது அந்தப் பொண்ணுதான்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்? நாளைக்கு யாராவது கேஸ் போட்டா கோர்ட்ல நிக்கப்போறது நான். நீங்க இல்ல."

அடுத்த சில வாரங்கள் எனக்கு மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே போயின. சிலபஸ் ஒப்பீடு கேட்டார்கள், கொடுத்தேன். பாடத்திட்டக் குழு கூடவில்லை. கூடியபோது துறைத் தலைவர் லீவு. வீட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு, எதற்கு இதை ஆரம்பித்தோம் என்று யோசித்துக்கொண்டே போன நாட்கள் உண்டு.

வழி சொன்னது ஹெல்காதான். நீங்களும் நானும் சேர்ந்து வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு வைப்போம் என்றார். எங்கள் துறை ஆசிரியர்கள் இருவர் இங்கே மஞ்சுளாவோடு ஒரே அறையில் உட்கார்ந்தார்கள், அவர் வீடியோவில் வந்தார். எல்லோரும் மாறி மாறிக் கேட்டார்கள். மார்க் ஷீட்டில் எங்கள் ஆட்களும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு கன்ட்ரோலர் ஹெல்காவின் பேப்பரை ஏற்றுக்கொண்டார். நம் நாட்டுத் தளத்துப் பேப்பரைப் பற்றி, "எழுதி பாஸ் பண்ணட்டும், அப்புறம் அகாடமிக் கவுன்சில்ல வெக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

4. அப்பா வந்த நாள்

மஞ்சுளாவின் அப்பா ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடே என்னைப் பார்க்க வந்தார். உட்காரச் சொல்லியும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அது இல்லை.

"போறத பத்தி இல்ல மேடம். போய்ட்டு வந்தா அந்த ஒரு பேப்பரு அரியர்னு நிக்குமா, நிக்காதா? அத சொல்லுங்க. நான் லைன்லயே நின்னுகினு காலத்த ஓட்டிட்டேன். எம் பொண்ணாவது ஆபீசு வேலைக்குப் போவணும்."

ஏற்றுக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உறுதியாகத் தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அது போதும். கம்பெனிங்களுக்காக எங்க நெலத்த எடுக்க வந்தவங்க எல்லாம் தெரியும் தெரியும்னுதான் சொன்னாங்க. போய்ட்டு வரட்டும்."

வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

5. திரும்பி வந்த பிறகு

மஞ்சுளா போனாள், படித்தாள், திரும்பி வந்தாள். எல்லாம் சரியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அந்தக் கடைசிப் பேப்பரை எழுதி நல்ல மார்க் வாங்கினாள். ஆனால் கவுன்சில் கூடி அதை ஏற்பதற்குள் முதலில் வந்த பெரிய கம்பெனி ஆளெடுத்துவிட்டுப் போய்விட்டது. பட்டியலில் அவள் பெயருக்கு நேராக அரியர் என்றே இருந்தது. அன்று அவள் வகுப்புக்கு வரவில்லை. பல மாதம் கழித்து ஒரகடத்திலேயே ஒரு கம்பெனியில் ஆட்டோமேஷன் பிரிவில் சேர்ந்தாள். அப்பா கேட்ட ஆபீசு வேலை கிடைக்கத்தான் செய்தது, தாமதமாக.

அந்தப் பேப்பரை ஏற்க அவளுக்காகக் கவுன்சில் போட்ட தீர்மானம் கல்லூரியில் நிலைத்தது. இணையப் பேப்பர்களை வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே கவுன்சிலில் வைத்துவிட வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்தோம். அடுத்துப் போனவர்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. அவளுக்கு மட்டும் வந்தது. இன்றும் நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒருநாள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். அங்கே எப்படி இருந்தது என்று கேட்டேன். குளிரைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டு, இதையும் சொன்னாள்.

"மொத நாள் கிளாஸ்ல நான் கடைசி வரிசைல போய் உக்காந்தேன் மேடம். ஹெல்கா புரொபசர் உள்ள வந்ததும் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அந்த ஊர்ப் பசங்க பேரே அவங்களுக்கு இன்னும் தெரியாது. என் பேரு மட்டும் தெரிஞ்சிருந்துது."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எத்தனை எம்.ஓ.யு போட்டீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு எண்ணிக்கை ஞாபகம் இல்லை. இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு பாடத்தை நடத்துங்கள், சேர்ந்து ஒரு பரீட்சை வையுங்கள், கையெழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன். நம் பிள்ளை போய் இறங்கும் இடத்தில் அவள் பெயர் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அத்தனை மாடிப்படியும் ஏறி இறங்கி நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.