இடப்பக்கம் வெளுத்த பந்தய வண்டி

இக்குறிப்பை எழுதவேண்டிய கட்டாயம் ஒரு கடிதத்தால் நேர்ந்தது. என் அண்ணியார் மறைந்தபின், எங்கள் கும்பகோணத்துக் கைவினைக் கழகத்தார் அவர் நினைவாகச் சிறு மலர் ஒன்று வெளியிட்டனர். முதுமையால் கை நடுங்கி, தாம் செய்த முதல் பந்தய வண்டியின் ஒரு பக்கத்தை அவர் முடிக்காமலே விட்டுவிட்டார் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வண்டியைத் தம்மிடம் ஒப்படைத்தால், தேர்ந்த ஒருவரைக் கொண்டு அப்பக்கத்தைச் சீர்செய்து நினைவரங்கில் வைப்பதாக எனக்குத் தனியே எழுதியும் கேட்டிருக்கிறார்கள். மலரில் இருப்பது பிழை. கடிதம் அப்பிழையின் மேல் எழுப்பப்பட்ட மாடி. அண்ணியாரின் கை இறுதிவரை நடுங்கியதில்லை. அந்தப் பக்கம் முடிக்கப்பட்டிருந்தது. முடிந்திருந்ததைத் துடைத்து அழித்தவன் நான். தனிக் கடிதமாக விடை எழுதினால் அது கழகத்தின் கோப்புக்குள் போய் உறங்கிவிடும் என்பதால், எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

வண்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மெய்யான வண்டியின் இருபத்துநான்கில் ஒரு பங்கு. வெள்ளை உடலில் நீலப் பட்டை, தரையோடு தவழ்வது போன்ற முகம், பின்னால் அகன்ற சிறகு. பிரான்சு நாட்டில் ஆண்டுதோறும் இருபத்துநான்கு மணி நேரம் நில்லாமல் ஓடும் பந்தயம் ஒன்றில், முடிவுக்கோட்டைத் தொட்டவற்றுள் கடைசியாக வந்த வண்டி இது. வென்ற வண்டியை அண்ணியார் ஒருநாளும் செய்ததில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “ஜெயிச்சத எல்லாரும்தான் செய்யறாங்களே தம்பி. முட்டி மோதி கடைசி வரைக்கும் வந்து சேந்ததே, அத யாரு செய்யறா?” என்றார்.

அவர் தஞ்சையில் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். என் தமையனார் காலமானபின் எங்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தார். மகன் துபாயில் பொறியாளன். அவனைக் காணச் சென்றிருந்தபோது தொலைக்காட்சியில் அப்பந்தயத்தைக் கண்டாராம். ஒரே வண்டியை மூவர் முறைவைத்து ஓட்டுகிறார்கள். ஒருவர் இறங்க மற்றவர் ஏற, நொடியில் எண்ணெய் நிரப்பிச் சக்கரம் மாற்றி அனுப்புகிறார்கள். ஆள் மாறலாம், வேலை நிற்கக்கூடாது என்னும் அந்த ஒழுங்கு அவருக்கு மிகவும் பழகியதாகத் தோன்றியதாம். பாதி அறுவையில் முறை மாறும்போது கத்தரிக்கோல் எத்தனை, பஞ்சு எத்தனை என்று எண்ணி ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தவர் அல்லவா! திரும்பி வருகையில் பெட்டியில் பேரீச்சம்பழத்தோடு ஒரு மாதிரி வண்டிக்கான ‘கிட்’ ஒன்றும் வந்தது. நெகிழிச் சட்டங்களில் காய்த்துத் தொங்கும் சிறுசிறு உறுப்புகளை வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணமிட்டு வண்டியாக்க வேண்டும்.

உறவினர் சிரித்தனர். குத்தாலத்தில் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த உறவினர் ஒருவர், நெல் மூட்டை இறக்க வந்த நாளில், “பேரன் பேத்தி எடுக்கற வயசுல பொம்மைக் காரா அக்கா?” என்று கேட்டுவிட்டார். அண்ணியார் தலை நிமிராமல், “பொம்மைன்னா எடுத்து வெளையாடு. இதத் தொட்டுப்பாரு, கை இருக்காது” என்றார். வந்தவர் நகைத்தார். ஆனால் தொடவில்லை.

வேலை ஏழு திங்கள் நடந்தது. அந்தக் கையை நான் அருகிருந்து கண்டிருக்கிறேன். இயந்திரத்தின் மெல்லிய கம்பிகளைத் தையல் நூலால் இழைத்தார். ஓட்டுநர் இருக்கையின் வார்ப்பட்டைகள் அந்தக் ‘கிட்’டில் இல்லை என்பதால், காயத்தின்மேல் ஒட்டும் துணிப்பட்டையை நறுக்கி அவற்றைச் செய்தார். எண்ணும் எழுத்தும் பொறித்த மென்படலங்களை நீரில் ஊறவைத்து, தூரிகை நுனியால் நகர்த்தி உரிய இடத்தில் அமர்த்தும்போது மூச்சையும் அடக்கிக்கொள்வார். நம் ஆற்றுப்படுகைக் காற்றின் ஈரம் அவருக்கு ஓயாத பகை. மழைநாளில் வண்ணம் தெளித்தால் பூஞ்சணம் படிந்ததுபோல் வெளுத்துவிடும். ஆகவே சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் ஏறிய பிறகே தெளிப்பார். உழவர் வானம் பார்ப்பதுபோல் அவரும் மாடியில் நின்று பார்ப்பார்.

ஆவணி முடிவில் வண்டி வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றது. அத்தோடு முடிந்தது என எண்ணிக்கொண்டு நான் திருச்சிக்கு மகள் வீடு சென்றேன். முடியவில்லை என்பதை அறியாமற்போனதே என் பிழைக்கு வித்து. நான் இல்லாத அந்த ஒரு திங்களில், இருபத்துநான்கு மணி நேரம் ஓடி முடித்த வண்டி எப்படி நின்றதோ அப்படியே அதனை அவர் அழுக்காக்கியிருக்கிறார். ஒளிப்படங்களை விரித்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்த அழுக்கு என்று கணக்காகப் பார்த்திருக்கிறார். சக்கரங்களின் பின்னால் ‘பிரேக்’ தடைக்கட்டையின் சாம்பல்நிறத் துகள். முகப்பில் மோதி இறந்த பூச்சிகளின் சிறு தெறிப்பு. கதவின்மேல் காற்று இழுத்துச் சென்ற எண்ணெய்க் கோடு. காற்று முன்னிருந்து பின்னாகத்தான் வீசும். ஆதலால் ஒரு கோடுகூடத் திசை மாறி விழலாகாது. காவிரி வண்டலைக் கரைத்துப் பூசினால் எளிதாயிற்றே என்று பக்கத்து வீட்டார் சொன்னதற்கு, அந்த வண்டி நம் வயலில் ஓடவில்லையே என்று விடையிறுத்தாராம். சுண்ணக்கோல் பொடியும் கரியும் கொண்டு செய்த அந்த அழுக்கு உதிராமல் நிற்க, மேலே ஒளிராத பூச்சு ஒன்று தெளிக்கவேண்டும். அதற்குள் புரட்டாசி மழை பிடித்துக்கொண்டது. ஈரம் வடியும் நாளுக்காக வண்டியைக் கூடத்து நிலைப்பேழையின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நான் திரும்பியது ஆயுத பூசையின் முன்னாள். மறுநாள் காலை வீட்டில் வழக்கமான ஆரவாரம். அரிவாள்மனை, தையற்பொறி, மிதிவண்டி, என் நூல்கள் எல்லாம் துடைக்கப்பட்டுச் சந்தனப் பொட்டுக்குக் காத்திருந்தன. தெருவில் புதைசாக்கடைக்குத் தோண்டிக்கொண்டிருந்தமையால் பொருள்களின்மீதெல்லாம் புழுதி. நிலைப்பேழையின் மேல் அண்ணியாரின் வண்டியும் அழுக்கேறி நிற்கக் கண்டேன். ஏழு திங்கள் உழைத்த கருவிக்கும் வண்டிக்கும் பொட்டு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? அன்பினால்தான் செய்தேன். ஈரத்துணியை எடுத்து, முகப்பின் இடப்பாதியிலிருந்து தொடங்கி இடப்பக்கம் முழுவதையும் பின்சிறகு வரைக்கும் பொறுமையாகத் துடைத்தேன். பளிச்சென்று வந்தது. கதவின் எண்ணுக்கு மேலே சந்தனம் இட்டுக் குங்குமமும் வைத்தேன். வலப்பக்கத்துக்காக வண்டியைத் திருப்பும்போது அண்ணியார் சமையற்கட்டிலிருந்து கொழுக்கட்டைத் தட்டோடு வந்தார்.

தட்டைக் கீழே வைத்தார்.

“போதும் தம்பி. துணியக் கீழ வைங்க” என்றார்.

செய்தது இன்னதென்று அவர் சொல்லித்தான் அறிந்தேன். அறுபத்தெட்டு வயதில், கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஒருவன், சிறுபிள்ளைபோல் துணியோடு நின்றேன். அன்றைக்கு மூன்றாம் நாள் கழகத்தின் கண்காட்சி. வண்டியைத் தருவதாக அண்ணியார் முன்னரே பெயர் கொடுத்திருந்தார். மழை விட்டபாடில்லை. மீண்டும் அழுக்கேற்றப் பொழுதில்லை.

விசயதசமி அன்று, காட்சிப்பொருள்களைப் பார்வையிடக் கழகத்தின் அந்நாள் செயலர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். வண்டியைக் கண்டதும் முகம் மலர்ந்து, மறுபக்கத்தைக் கண்டதும் சுருங்கினார். “அந்தப் பக்கத்தையும் ஒரு தொடை தொடைச்சிடுங்கம்மா. ஜோரா இருக்கும். பரிசுக்கே வெக்கலாம்” என்றார். ஒருபக்கம் அழுக்காக வைத்தால் நடுவர்கள் முடிவுறாத பொருள் என்று ஒதுக்கிவிடுவர் என்றும் எச்சரித்தார்.

நானும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். இவ்வகைப் பந்தயத்தில் இடையில் மோதிக் கதவு உடைந்தால், புதுக் கதவைப் பொருத்தி அனுப்புவார்கள் என்றும், அழுக்கு வண்டியில் அந்த ஓர் உறுப்பு மட்டும் பளிச்சென்று தெரியும் என்றும் அண்ணியாரே எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆகவே இடப்பக்கத்து உறுப்புகள் நடுவில் மாற்றப்பட்டவை என எழுதி வைத்துவிடலாமே என்றேன். பிழையும் மறையும், வண்டியும் நிற்கும் என்று எனக்குள் சற்றே பெருமிதமும் கொண்டேன்.

“இந்த வண்டிக்கு அது நடக்கலையே தம்பி” என்றார் அண்ணியார். பிறகு செயலரை நோக்கி, “தொடைக்கறதுக்கில்ல சார். இப்படியேதான் வரும். வேணாம்னா சொல்லிடுங்க, நான் வரல” என்றார். செயலர் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன பயன்?

கண்காட்சி நாளில் வண்டியை அட்டைப்பெட்டியில் வைத்து, நகரப் பேருந்தில் மடிமீது ஏந்திக்கொண்டு சென்றார். தஞ்சாவூர்த் தட்டுகளுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் அப்பால், கதவோரமாக ஒரு மூலை மேசை தந்தனர். வலப்பக்கத்தை மக்களுக்குக் காட்டி, வெளுத்த பக்கத்தைச் சுவர்ப்புறம் வைக்குமாறு செயலர் மெல்லக் கூறிச் சென்றார். அண்ணியார் அவர் போகும்வரை காத்திருந்தார். பின்னர் மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, நாற்புறமும் ஆள் நடக்கும்படி நடுவில் நிறுத்தினார். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து முன்னே சாத்தினார். செவிலியர் குறிப்பேட்டில் எழுதிப் பழகிய, சாய்வில்லாத எழுத்து:

‘வலப்பக்கம்: இருபத்துநான்கு மணி நேரம். இடப்பக்கம்: ஆயுத பூஜை.’

சந்தனப் பொட்டையும் அவர் அழித்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். செயலர் விரைந்து வந்து, பூசையைக் கேலி செய்வதாகச் சிலர் கருதக்கூடும், அட்டையை எடுத்துவிடுங்கள் என்றார். அண்ணியார் எடுக்கவில்லை. “கேலி இல்ல சார். என் கொழுந்தன் மரியாதையா வெச்ச பொட்டு அது. நடந்தத எழுதியிருக்கேன். எதாவது பொய்யா இருந்தா காட்டுங்க, அடிச்சிடறேன்” என்றார். செயலர் அட்டையை மறுபடி படித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

பரிசு வரவில்லை. நடுவர்களின் ஏட்டில் ‘முடிவுறாதது’ என்று எழுதியிருக்கக் கண்டேன். இன்றைய மலர்க்காரர்கள் அந்த ஏட்டைப் புரட்டித்தான் நடுங்கும் கையைக் கற்பித்தார்கள் போலும். ஆனால் ஏட்டில் ஏறாத ஒன்றை நான் கேட்டேன். பணி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்திருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர், வண்டியை இருமுறை சுற்றிவந்து, வலப்பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். “முன்னாடி பூச்சி, பின்னாடி கரி. சாயங்காலம் டிப்போவுக்கு நம்ம வண்டியும் இப்படித்தாங்க வந்து நிக்கும்” என்றார். பிறகு மறுபக்கம் போய்ப் பொட்டைப் பார்த்துச் சிரித்தார். “இதுவும் நம்ம வண்டிதான்.” அண்ணியார் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். இயந்திர மூடியைத் திறந்து காட்டியது அன்று அவர் ஒருவருக்குத்தான்.

அதன்பின் அவர் மேலும் மூன்று வண்டிகள் செய்தார். மூன்றிலும் அழுக்கு வாய்ப்பாக நின்றது. முதல் வண்டியின் இடப்பக்கத்தைச் சீர்செய்ய எத்தனையோ வெயில் நாள்கள் கிடைத்தும், நானே பலமுறை மன்றாடியும், அவர் தொடவில்லை. நடுங்கிய கை அப்படி மறுக்காது. நடுங்காத கைக்கே மறுப்பு கைவரும்.

எனவே கழகத்தார்க்கு என் விடை இது. வண்டியைத் தர இயலாது. நீங்கள் அமர்த்தும் தேர்ந்தவர் எத்துணைத் திறமுடையவராயினும், அவர் பூசப்போவது பிரான்சில் படியாத அழுக்கு. அழிக்கப்போவது எங்கள் வீட்டில் நடந்த மெய். மலரின் அடுத்த பதிப்பில் ‘கை நடுங்கி’ என்னும் தொடரை நீக்கி, ‘கொழுந்தன் துடைத்ததால்’ என்று அச்சிடுங்கள். என் பெயரையும் சேர்க்கலாம், தடையில்லை.

இக்குறிப்பில் வேறு பிழைகள் இருக்கக்கூடும். அழுக்கேற்றிய வேலை நான்கு வாரமா மூன்றா என்பதில் எனக்கு உறுதியில்லை. கருவிகளின் பெயர்களிலும் பந்தயத்தின் விதிகளிலும் நான் வழுவியிருக்கலாம். அண்ணியாருடன் பணிசெய்த செவிலியரோ, அத்துறை அறிந்தோரோ, அன்று குந்தி உட்கார்ந்து பார்த்த அந்த ஓட்டுநரோ இதைப் படிக்க நேர்ந்தால், தயங்காமல் எழுதுங்கள், நன்றியுடன் திருத்திக்கொள்வேன். இடப்பக்கத்தை மட்டும் எவரும் திருத்த வேண்டா.