புதூர்ப் பக்கத்து லடாக்

லடாக் பனிக்குப் பேர்போன இடம். வெயிலைத் தவிர வேறெதுவும் ஒழுங்காக விளையாத எங்கள் புதூர்ப் பக்கம் அந்தப் பேர் வந்ததற்கு ஒரு பட்டாளத்துக்காரர்தான் காரணம். லடாக்கில் காவலுக்கு நின்றபோது மகன் பிறந்த கடிதம் கிடைத்ததாம். லடாக் என்றே வைக்கச் சொல்லி எழுதிவிட்டார். மகன் வளர்ந்து ரோட்டோரம் டீக்கடை போட்டான். பஸ் நிற்க ஆரம்பித்தது. ஊருக்குப் பாதை பிரியும் அந்த இடம் லடாக் விலக்கு ஆயிற்று.

அவன் மனைவி வள்ளிமயில் மட்டும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையுமாம். கண்டக்டரிடம், "ஓடைப் பாலம் தாண்டி நிப்பாட்டுங்க அண்ணாச்சி" என்பாள்.

நாலு வருஷத்துக்கு முன் கடை நொடித்து, அவன் நாக்பூருக்கு முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனான். ஆறு மாதம் போன் வந்தது. பிறகு சுவிட்ச் ஆஃப். தேடிப்போன அவன் தம்பியும் வெறுங்கையோடு திரும்பினான். பிள்ளைகள் கிடையாது. அவன் கிளம்பிய வாரம் பிறந்த கிடாக்குட்டிதான் அவளுக்குத் துணை. எத்தனையோ கோயில் கொடைக்கு வெட்ட விலை கேட்டும் அவள் விற்கவில்லை. ஊர்க் குசும்பு சும்மா இருக்குமா? அதற்கும் லடாக் என்றே பேர் வைத்தோம். அவள் "இந்தா, இந்தா" என்று கூப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் இடிச் சத்தத்துக்கு மிரண்டு கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. வெறிநாய்கள் ஆடுகளைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டுச் சுடலையம்மாளும் நானும் கூடப் போனோம். கரிசல் சகதி காலை விடவில்லை. மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. நாங்கள் இருவரும் பேர் சொல்லிக் கத்திப் பார்த்தோம். மிரண்ட ஆடு எங்கள் குரலுக்கு வரவில்லை.

"ஏட்டி, நீ கூப்புடு. வளத்தவ கொரலுக்குத்தான் வரும்" என்றாள் சுடலையம்மாள்.

"அவியளுக்கு எதும் ஆயிரும் மதினி. எங்கன இருக்காவளோ."

தூரத்தில் நாய் குரைத்தது. வள்ளிமயில் வரப்பில் ஏறி நின்றாள். முதல் தடவை சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. அடுத்து அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். மூன்றாவது குரலுக்கு மக்காச்சோளம் சலசலத்து, உடம்பெல்லாம் சகதியோடு கிடா வந்து அவள் இடுப்பில் முட்டியது.

"வந்துட்டுல்லா, நட" என்றாள் சுடலையம்மாள்.

வள்ளிமயில் நகரவில்லை. ஒரு கையில் கொம்பைப் பிடித்துக்கொண்டு, ரோட்டுப் பக்கம் திரும்பி, "லடாக்கு! வந்துருங்களேன்!" என்று கூப்பிட்டாள்.