மனுஷி என்று எழுதியவன்

எனக்கு வாய் ஜாஸ்தி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எவனோடாவது மல்லுக்கு நிற்க எந்நேரமும் கையில் ஒரு போன் இருக்கும். எல்லோரும் இருக்கிற அந்தப் பெரிய தளத்தில் ஒருத்தனைக் கண்டபடி திட்டிவிட்டேன் என்று என் கணக்கை முடக்கினார்கள். யாரிடம் போய்க் கேட்பது? மனுப் போட்டால் ஒரு மெஷின்தான் பதில் அனுப்பியது. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது.

அந்தச் சமயத்தில்தான் எலவனாசூர்கோட்டையிலிருந்து ரிப்பேருக்கு வந்த ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியர் இணையத்திலேயே வேறொரு இடத்தைக் காட்டினார். அதற்கு முதலாளியே கிடையாதாம். யார் வேண்டுமானாலும் ஒரு சர்வர் வைத்து நடத்தலாம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் சட்டம். ஆனால் ஒன்றில் எழுதுவது மற்றவற்றுக்கும் நகலாகிப் போகும். வெளிநாட்டில் இருக்கும் தமிழர் ஒருவர் கைக்காசு போட்டு நடத்துகிற சின்ன சர்வரில் சேர்ந்தேன். விளம்பரம் இல்லை, சொந்தப் பெயர்கூட வேண்டாம். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சாக இருந்தேன். எதிர் டீக்கடைக்காரர் மட்டும் மசியவில்லை.

"ஓனரே இல்லாத கடையா? அங்க சண்ட வந்தா யார்கிட்ட போய் சொல்லுவ?"

"அங்க நாமதாண்ணே ஓனரு. சண்டையே வராது."

"ஒரு பெஞ்சில நாலு பேரு குந்தினாலே சண்ட வருது. நீ இன்னாப்பா!" என்று சொல்லிவிட்டு அவர் பால் காய்ச்சப் போனார். இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் தங்கை அப்போது கல்வராயன் மலையில் டீச்சர். திங்கட்கிழமை விடிந்ததும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினால் சனிக்கிழமைதான் ரிஷிவந்தியம் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள். ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, மறுபடி மூட்டை கட்டுவாள். மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே வந்துவிடு என்று சொல்லாத ஆள் இல்லை. "என் புள்ளைங்கள உட்டுட்டு எங்க வர்றது?" என்பாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நகம் வெட்டி, தலை பார்த்துவிடுவது அவள் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு வயதுப் பெண் ஒருத்தி தலையெல்லாம் புண்ணாகி வந்திருக்கிறாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வெளியூர்க் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த அத்தையிடம் கேட்டுவிட்டு, பிள்ளையை ஸ்டூலில் உட்கார வைத்து முடியை ஒட்ட வெட்டிவிட்டாள் தங்கை. கூட வேலை செய்யும் டீச்சர் எடுத்த வீடியோவை எனக்கு அனுப்பினாள். முதலில் பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது. பிறகு கண்ணாடியைப் பார்த்துக் கலகலவென்று சிரிக்கிறது. ஒன்றரை நிமிட வீடியோ.

எங்கள் சர்வரில் அவ்வளவு பெரிய வீடியோ ஏறாது, அரை நிமிடம்தான் ஏறும். வெட்டினேன். எதை வெட்டினேன் என்கிறீர்கள்? சிரிப்பை. அழுகைதான் பார்க்கிறவர்களை நிறுத்தும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் இணையத்தில் கிடந்து கற்றுக்கொண்டது அதுதான். மேலே ஒரு வரி எழுதினேன்: 'பேனும் அழுக்குமாகக் கிடந்த மலைப்பிள்ளையை ஒரு டீச்சர் மனுஷி ஆக்குகிறார்.' எழுதும்போது அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. கீழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலைக்காரர்களைப் பற்றி அப்படித்தான் வாயில் வரும். பெருமையாகவே போட்டேன்.

அந்த முடி சாமிக்கு வேண்டிக்கொண்ட முடி. போன வருடம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை பிழைத்தால், ஆடித் திருவிழாவில் குலசாமிக்கு முடி கொடுப்பதாகத் தோட்டத்தில் இருந்தபடியே அப்பன் வேண்டியிருக்கிறான். அத்தைக்கு அது தெரியாது. என் தங்கைக்கு எப்படித் தெரியும்? யாரோ காட்ட, காபித் தோட்டத்தில் இருந்துகொண்டே அந்த வீடியோவை அப்பன் பார்த்துவிட்டான்.

மலை ஏறி வந்தான். ஊர் கூடியது. தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதைத்திருந்த முடியைத் தோண்டியெடுத்து, அலசி, மஞ்சள் துணியில் முடிந்து சாமியிடம் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஊர்ப் பெரியவர் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"முடி போனது தெரியாம நடந்தது. சாமி பொறுத்துக்கும். மனுஷி ஆக்கறேன்னு எழுதனது யாரு? அத சாமி எதிர்ல சொல்லும்மா."

"படத்தப் போட்டது எங்க அண்ணன்தாங்க. அந்த வார்த்த அவரு எழுதல. எவனோ எடுத்துச் சேத்துட்டான்."

அப்படித்தான் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் போன் போட்டு அழுதபோது, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர்களும் நம்பினார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு முற்பகலில் காரியம் முடிந்தது. பிள்ளையின் அப்பனே அவளுக்குக் கை அலம்பத் தண்ணீர் ஊற்றினானாம்.

கீழே முடியவில்லை. என் அரை நிமிடம் சர்வர் சர்வராகத் தாவி, பெரிய தளங்களுக்குப் போய், வாட்ஸப் குழுக்களில் விழுந்தது. மதம் மாற்றுகிறாள் என்று ஒரு கூட்டம். மலைச்சாதியைக் கேவலப்படுத்துகிறாள் என்று இன்னொரு கூட்டம். ஒன்றையொன்று கண்டால் ஆகாத இரண்டு கூட்டமும் என் தங்கையைத் திட்டுவதில் மட்டும் ஒன்று சேர்ந்துகொண்டன. சும்மா இருந்திருக்கலாம். நான் இருப்பேனா? ஒவ்வொருத்தனுக்கும் பதில் எழுதினேன். ஒரு பதிலுக்கு இருபது பேர் வந்தார்கள்.

சர்வர் நடத்துகிறவருக்கு எழுதினேன். நல்ல மனிதர், பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டார். 'நம்மிடம் இருந்ததை அழித்துவிட்டேன். மற்ற சர்வர்களுக்கும் அழிக்கச் சொல்லித் தகவல் போகும். கேட்கிறவர்கள் கேட்பார்கள், கேட்காதவர்களை நாம் ஒன்றும் செய்ய முடியாது' என்றார். ஒவ்வொரு சர்வர்காரனையும் தேடித் தேடிக் கெஞ்சினேன். சிலர் எடுத்தார்கள். பலர் பதிலே போடவில்லை. ஒருத்தன் மட்டும், 'முதலாளி வேண்டாம் என்றுதானே இங்கே வந்தீர்கள்?' என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தான். டீக்கடைப் பக்கம் நான் தலை வைத்தே படுக்கவில்லை.

கல்வித்துறை மேலிடத்தில் தங்கையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஊர்ப் பெரியவரே மலையிறங்கி வந்து, எங்களுக்கு இந்தம்மா மேல் குறை இல்லை என்று சொன்னார். "ஊர் மன்னித்ததற்கு வீடியோ ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்களாம்.

"சாமி காரியத்த செல்லுல புடிக்க மாட்டோங்க," என்றாராம் அவர்.

அத்தோடு சரி. திருக்கோவிலூர் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. சாமான்களை எடுக்க அவளோடு நானும் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். அறையைக் காலி செய்து இரண்டு பையோடு வாசலுக்கு வந்தபோது, அந்தப் பிள்ளையின் அத்தை நின்றிருந்தாள்.

"பாப்பா எங்க? ஒருவாட்டி பாத்துட்டுப் போறனே," என்றாள் தங்கை.

"அவ அப்பன் தோட்டத்துக்கே இட்டுக்கினு பூட்டாம்மா. இனிமே பள்ளிக்கூடம் வேணாம்னு பாப்பாவே சொல்லிட்டா. அதுக்கு முன்ன ஒருநா அவள சந்தைக்கு இட்டுக்கினு போனேன். பஸ்ஸுல ஒருத்தன் செல்லப் பாத்துட்டு, இவ மூஞ்சியப் பாத்துட்டு, 'இன்னா பாப்பா, மனுஷி ஆயிட்டியா?'ன்னு கேட்டாம்மா. பஸ்ஸே சிரிச்சிது. அன்னியிலருந்து முக்காட்ட எடுக்கல."

தங்கை அழுதுவிட்டாள். "எந்தப் பாவி எழுதனானோ! சத்தியமா எங்க அண்ணன் எழுதலம்மா," என்று அந்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் எழுதுனேன்," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தைக்காரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். தங்கை திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் விட்டாள்.

"எங்கம்மா போற? பஸ் வந்துரும்."

"சாமி எதிர்ல பொய் சொல்லியிருக்கேன். எழுதனது எங்க அண்ணன்தான்னு போய் சொல்லிட்டு வரேன்."

"நானும் வரேன்."

"நீ வராதண்ணா."

வெயிலில் கால் சுடச் சுட அவள் மேட்டில் ஏறிப் போனாள். பஸ் வந்தது. கண்டக்டர் என்னையும் இரண்டு பையையும் அந்தச் செருப்பையும் பார்த்துவிட்டு, ஏறலையா என்று கேட்டார். இல்லை என்றேன். பஸ் போன பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. யாரோ ஒருத்தன், எனக்குத் தெரியாத ஏதோ ஒரு சர்வரில், அந்த அரை நிமிடத்தை அன்று காலையில் புதிதாகப் போட்டிருந்தான். மேலே என் வரி அப்படியே இருந்தது.